புகழ் எந்தப் பக்கம் திரும்புகிறது?



பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஒரு விளையாட்டு வீரரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், "வேறு வேலை இல்லையா?" என்று அதட்டுவது நமக்குச் சுலபம். "அவர் யார் மகன்? அவரிடம் உனக்குப் பிடித்தது என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் கடினம். கேட்டுப் பார்த்தால் அதிலும் படிப்பினை உண்டு. யப்பானிய உதைபந்தாட்ட வீரர் ஹிதெதோஷி நகாதாவின் கதை அதற்கு ஓர் உதாரணம்.

1977ஆம் ஆண்டு பிறந்த இவர், 1998இல் இத்தாலியின் பெருஜியா கழகத்தில் சேர்ந்தார். அந்நாட்டு லீக்கில் ஆடிய முதற்போட்டியிலேயே, புகழ்பெற்ற ஜுவென்டஸ் அணிக்கெதிராக இரண்டு கோல்கள் அடித்தார். 2001இல் ரோமா கழகம் இத்தாலியின் சம்பியனானபோது அவ்வணியிலும் இருந்தார். 1998, 2002, 2006 ஆகிய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளில் தன் நாட்டுக்காக ஆடினார்.

ஆனால், புகழ் அவருக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை. 1998இன் தொடக்கத்தில், தேசிய கீதம் பற்றி அவர் கூறியதாக ஒரு பத்திரிகையில் வெளிவந்த வார்த்தைகள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. மிரட்டல்களும் வந்தன. பத்திரிகையாளர்களோடு அவருக்கிருந்த உறவு கசந்தது. அவ்வாண்டிலேயே தனக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கி, சொல்ல வேண்டியதைத் தானே எழுதலானார். முகநூல் முதலியவை பிறக்காத காலம் அது. ரசிகர்கள் அவருடைய சொல்லை அவரிடமிருந்தே வாசித்தார்கள்.

ஒரு சொல் இரண்டு வாய் மாறினால் என்னவாகும் என்பதை நாம் அறியாதவர்களா? குடும்பங்களைப் பிரித்த எத்தனையோ சண்டைகளின் வேர், "அவ இப்படிச் சொன்னாளாம்" என்ற ஒற்றை வரிதானே!

2006 ஜூன் 22ஆம் திகதி, ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பிரேசிலிடம் யப்பான் நான்குக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிந்தும் நகாதா மைதானத்திலேயே நெடுநேரம் மல்லாந்து கிடந்தார். ஜூலை 3ஆம் திகதி, தான் ஓய்வுபெறுவதைத் தன் இணையத்தளத்திலேயே அறிவித்தார். வயது 29தான்!

அதன்பின் பல நாடுகளைச் சுற்றினார். 2009இல் ஒகினாவாவிலிருந்து தொடங்கி, தன் நாட்டின் 47 மாகாணங்களுக்கும் பயணமானார். குயவர், நெசவாளர், விவசாயி என்று கைத்தொழில் செய்வோரைத் தேடிச் சென்றார். தன்மேல் விழுந்திருந்த வெளிச்சத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். ஆட்டத்தை விட்டு ஆண்டுகள் பல கடந்தும் அவர் பெயர் மறக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் சாக்கே எனும் அரிசி மதுவைப் பரப்பும் தொழிலிலும் இறங்கினார். அது நமக்கு ஆகாதது. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவரிடம் நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்வதும், ஆகாததை விட்டுவிடுவதும் பழக்கத்தால் வருவது. ஒருவரை விரும்புவதென்றால் அவர் செய்வதெல்லாவற்றையும் பின்பற்றுவதல்ல என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு வீட்டில் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை அதட்டுவதற்கு முன் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "மகன், இவர் தன்னை மட்டுமா உனக்குக் காட்டுகிறார், வேறு யாரையாவது காட்டித் தருகிறாரா?" பதிலைப் பிள்ளையே யோசிக்கட்டும்.