டிஸ்க்கைத் திட்டாதீங்கப்பா!

ஆம்பூர்ல நண்பரோட ஷூ கம்பெனி. 16 கேமரா, ஒரு பழைய லினக்ஸ் பெட்டி, ஒரே ஹார்ட் டிஸ்க். பதிவை ஓட்டிப் பார்த்தா விக்கி விக்கி நிக்குது. சர்வீஸுக்கு வந்தவர் "டிஸ்க் போச்சு, புதுசு வாங்குங்க"ன்னுட்டாராம். எனக்கு வந்துச்சே கோபம்!

ஃபைல்ஃப்ராக் போட்டுப் பார்த்தேன். 1 ஜிபி கோப்பு ஆயிரக்கணக்கான துண்டா கெடக்கு. பின்ன? பெட்டியில இருந்தது எக்ஸ்ட்3. அது 4 கேபி பிளாக்கை ஒவ்வொண்ணா ஒதுக்கும். 16 கோப்பும் ஒண்ணா வளர்ந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிதறாம என்ன செய்யும்? படிக்கிற முள்ளு அங்கயும் இங்கயும் ஓடியே ஓய்ஞ்சுடும்.

கட்டிங் செக்‌ஷன்ல பாருங்க, தோல் முழுக்க அச்சு வச்சுப் பாத்துட்டுத்தான் வெட்டுவாங்க. 2008 டிசம்பர்ல லினக்ஸ் 2.6.28-ல நிலையானதா வந்த எக்ஸ்ட்4 செய்யறதும் அதேதான். எழுத வேண்டியதைச் சேத்து வச்சு மொத்தமா இடம் பிடிக்கும். ஒரு எக்ஸ்டென்ட்ல 128 எம்பி வரைக்கும் அடங்கும். அதே வருஷம் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டுல ஐபிஎம்மோட அனீஷ் குமாரும் மத்தவங்களும் இந்த ஒதுக்கீடு பத்திக் கட்டுரையே குடுத்தாங்க. நாமதான் படிக்கிறதில்ல.

எக்ஸ்ட்4-க்கு மாத்தி, ஒவ்வொரு கோப்புக்கும் ஃபாலொகேட்டால 1 ஜிபி முன்னாடியே ஒதுக்கினேன். அதே டிஸ்க், இப்ப தடையில்லாம ஓடுது.

வெட்டத் தெரியாம தோலைப் பாழாக்கிட்டு மாட்டைத் திட்டுறது என்னங்க நியாயம்?