பகுதிக்கேற்ற உரிமை

இணையப் பக்கம் ஒன்று நம் கண்ணுக்கு ஒரே பொருளாகத் தோன்றினும், உண்மையில் அது பலர் கைப்பட்ட பல கூறுகளின் தொகுதியேயாம். செய்தி ஒருவருடையது; இடையே வரும் படக்காட்சி மற்றொருவருடையது; விளம்பரமோ இன்னாருடையதென்று பக்கத்துக்குரியாரே பலகாலும் அறியார். இவை யாவற்றுக்கும் ஒரே அளவான உரிமை வழங்குதல் தகுமோ? தகாதென்பதே எம் கருத்து.

ஸ்கிரிப்ட் எவர் எழுதியதாயினும், பக்கத்தில் நேரே சேர்ந்துவிட்டால், அப்பக்கத்தின் முழு உரிமையையும் பெறுகின்றது. படிப்போர் அங்குத் தட்டச்சிடும் ஒவ்வோர் எழுத்தையும் அது காண வல்லது. 2018ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்து ஸ்கிரிப்ட் கோப்பொன்றனுள் கயவர் சில வரிகளை நுழைத்து, பயணிகளின் கடன் அட்டை விவரங்களைக் கவர்ந்தனர். பிரிட்டனின் தகவல் ஆணையர் 2020இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுன் தண்டம் விதித்தார். நுழைந்தது சிறு கூறு, கேடோ பெரிது.

இதற்குக் காப்பு இல்லாமலில்லை. அட்டை எண் பெறும் படிவத்தை வேறு தளத்தினின்று ஐஃபிரேம் என்னும் சட்டத்துள் அமைப்பின், வெளிப் பக்கத்து ஸ்கிரிப்ட் அதனுட் புகுந்து படிக்க உலாவி இடங்கொடாது. நம்பத்தகாத அயற்கூற்றுக்கோ, அச்சட்டத்தின்மீது சாண்ட்பாக்ஸ் என்னும் காவலும் இடலாம். இட்ட அளவிலே, உள்ளிருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது, படிவம் செல்லாது, புதுச் சாளரம் திறவாது. பின்னர் வேண்டுவனவற்றை மாத்திரம் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக அளிக்கலாம். காமிரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. முதலில் மறுத்துத் தேவையளவே ஈதல் என்னும் இந்நெறியைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞரிருவர் 1975இலேயே வற்புறுத்தினர்.

"ஏதேனும் இயங்காவிடில் எல்லா அனுமதியும் தந்துவிடலாமே" என்பாரும் உளர். இடர் அங்கேதான் உளது. நம் தளத்துப் பக்கத்தையே சட்டத்துள் வைத்து, ஸ்கிரிப்ட் ஓடவும், நம் தளத்துக்குரிய உரிமையோடு இருக்கவும் ஒருங்கே அனுமதித்தால், உள்ளிருப்பது தன் காவலைத் தானே நீக்கிக்கொள்ள இயலும். அது சிறையிலிட்டவன் கையில் சாவியையும் கொடுத்தவாறாம்.

படிப்போர் இக்காவல்களைக் காணார். பக்கத்தை நம்பியே தம் பெயரும் எண்ணும் எழுதுகின்றனர். அந்நம்பிக்கையைக் காக்கும் கடன் பக்கம் அமைப்போரதே. ஆதலின், தளம் அமைக்கப் புகும் மாணவ நண்பர்காள்! ஒவ்வொரு கூற்றையும் சேர்க்குமுன், "இதற்கு இன்றியமையாதது யாது?" என வினவுமின், அதற்கு மேல் அணுவளவும் ஈயாதிருமின்.