மாயர்கள் எங்கும் போய்விடவில்லை

தரம் ஆறில் பயிலும் நண்பர் மகள், தனக்குப் பரிசாகக் கிடைத்த நூலொன்றைக் காட்டினாள். காட்டின் நடுவே ஒரு பிரமிட்; கீழே, 'மர்மமாக மறைந்துபோன மாயர்கள்'. எங்கே போனார்கள் என்று கேட்டாள்.

எங்கும் போகவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிக்கோவிலும் பெலீசிலும் பல இலட்சம் மாயர்கள் இன்றும் வாழ்கிறார்கள். குவாத்தமாலாவில் பேசப்படும் மாயன் மொழிகளே இருபதுக்கு மேல். கைவிடப்பட்டவை நகரங்கள், அவையும் ஒரே நாளில் அல்ல. திக்கால் நகரில் ஆண்டு பொறித்த கடைசிக் கல் கி.பி. 869ஆம் ஆண்டுக்குரியது. பெத்தேன் ஏரித் தீவிலிருந்த நொஹ்பெத்தேன் நகரோ 1697 இல்தான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. எல்லாவற்றுக்கும் 'மர்மம்' என்று பெயர் சூட்டிவிட்டால், மானியில் 1562 இல் மாயன் ஏடுகளைத் தீயிலிட்ட பாதிரியார் தியேகோ தெ லண்டா வசதியாகத் தப்பிவிடுகிறார்!

அந்நூலில் நரபலிக்கு ஒரு முழுப்பக்கம். ஆறே இல்லாத திக்காலில், சாந்து பூசிய முற்றங்களைச் சரிவாக அமைத்து மழைநீரைத் தேக்கங்களுக்கு அனுப்பிய மக்களின் அறிவுக்கு ஒரு வரியும் இல்லை.

மர்மம் இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறக்கும் என்பது பதிப்பாளர் வாதம். அந்த ஆர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2012 டிசம்பர் 21 அன்று கண்டோம். உலகம் அழியுமென்று அஞ்சியவர்கள் சிறுவர்கள் அல்லர், வளர்ந்தவர்கள்.

கற்களே போதும். பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் கற்றூண்களிலுள்ள ஆண்டுகளைத் தத்தியானா புரொஸ்கூரியாகொவ் தொகுதி தொகுதியாக வரிசைப்படுத்தினார். எந்தத் தொகுதியும் ஒரு மனித ஆயுளைத் தாண்டவில்லை. அப்படியானால் அவை அரசர்களின் பிறப்பும் முடிசூட்டும் என்று, எழுத்துகளை ஒலித்து வாசிக்காமலேயே 1960 இல் நிறுவினார். அதுவரை பேரறிஞர்கள் அக்கற்களில் நட்சத்திரங்களையும் பூசாரிகளையும்தான் கண்டார்கள். கழித்தல் கணக்குத் தெரிந்த பிள்ளை இதைத் தானே செய்துபார்க்கலாம். நான் புரட்டிய சிறுவர் நூல்களில் ஒன்றேனும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

ஹொண்டுராஸின் கொப்பானில் கி.பி. 776 இல் நிறுவிய சதுரப் பீடத்தின் படத்தை அவளிடம் கொடுத்தேன். பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு அரசர்கள். (இவர்களை வானியலாளர் மாநாடு என்று எழுதிய அறிஞர்களும் இருந்தார்கள்.) முதல் அரசர் பதினாறாமவருக்கு எதையோ நீட்டுகிறார். இருவருக்கும் இடையே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் என்றேன்.

"செத்துப்போனவர் எப்படிக் கொடுப்பார்? இந்தக் கடைசி ராசாதானே இதைச் செதுக்குவித்தவர்?" என்றாள்.