அறுவை சிகிச்சையில் நம் பங்கு



ரேணிகுண்டாவிலும் அதைச் சுற்றிலும் பிழைப்புக்காக வந்து குடியிருக்கும் நம் குடும்பங்களில் ஒருவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்றால், திருப்பதி ரூயாவுக்கோ ஸ்விம்ஸுக்கோ, அல்லது வேலூர் சி.எம்.சி.க்கோ செல்லுகிறோம். நல்ல மருத்துவர் கிடைத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் சிகிச்சையின் பலன் கத்தி பிடிக்கும் கையை மாத்திரம் பொறுத்ததல்ல.

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குப்பின் அடிக்கடி வரும் தொல்லை, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது. இந்தியா உட்பட 7 நாடுகளில், 81 மருத்துவமனைகளில், 13,301 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியாயிற்று. நம் நாட்டில் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதில் முக்கிய பங்கேற்றது. வயிற்றைத் தைத்து மூடுவதற்குமுன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றினார்கள், அவ்வளவுதான். குடலைத் தொட்ட கையுறையிலுள்ள கிருமிகள் காயத்தில் சேராமல் தடுக்கப்பட்டன. சீழ் பிடித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேரிலிருந்து 16 பேராகக் குறைந்தார்கள். கிருமிநாசினி பூசிய விலையுயர்ந்த தையல் நூலோ, 2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், சாதாரண நூலைவிட மேலான பலனைத் தரவில்லை.

சிறிய காரியங்களே பெரிய பலன் தருகின்றன என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளுங்கள். அவற்றில் பல நம் கையில் இருக்கின்றன.

சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்குமுன் புகைபிடிப்பதை நிறுத்துங்கள். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். முந்தின நாளிலோ அன்று காலையிலோ சோப்பிட்டுக் குளியுங்கள். வீட்டில் பிளேடினால் வயிற்றுமுடியைச் சிரைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் தங்கிவிடும்.

உபவாசத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. சிகிச்சையை எதிர்நோக்குகிறவர் முந்தின வாரத்தில் நாட்கணக்காக உபவாசித்துச் சரீரத்தைப் பெலவீனப்படுத்தக்கூடாது. காயம் ஆற முட்டை, பருப்பு, பால் போன்ற சத்துணவு வேண்டும். அவருக்காக மற்றவர்கள் உபவாசிக்கலாம். மயக்க மருந்துக்குமுன் பொதுவாக 6 மணி நேரம் ஆகாரமும், 2 மணி நேரம் தண்ணீரும் நிறுத்தப்படும். உங்கள் மருத்துவர் சொல்லும் நேரத்தையே கைக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரையும் செய்யவிருக்கும் சிகிச்சையையும் பலர் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். இப்படிச் சரிபார்க்கும் பட்டியலை, புதுடெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் பின்பற்றியபோது மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

சிகிச்சைக்குப்பின் "அசையாமல் படுத்திரு" என்று சொல்லுவது அன்பு போலத் தோன்றும். ஆனால் மருத்துவர் அனுமதித்தவுடனே எழுந்து நடப்பது நல்லது. அது காலில் இரத்தம் உறையாமல் காக்க உதவும். நுரையீரலுக்கும் குடலுக்கும் நன்மை செய்யும். இருமும்போது தலையணையை வயிற்றின்மேல் மெதுவாக அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

சபையார் பார்க்கச் செல்லும்போது இரண்டிரண்டு பேராகச் சென்று, கைகளைக் கழுவி, கட்டைத் தொடாமல் சுருக்கமாக ஜெபித்துத் திரும்புங்கள்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், வயிறு உப்புதல், ஓயாத வாந்தி, ஒரு காலில் மாத்திரம் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அந்நேரமே 108ஐ அழையுங்கள். வேலூரில் சிகிச்சை பெற்றவர் ரேணிகுண்டாவில் இருந்தால், மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் அருகிலுள்ள திருப்பதிக்குச் செல்லட்டும். சிகிச்சை விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.