முதலெழுத்துக்குள் ஒடுங்கிய வீடு

1949 சனவரி 15 அன்று இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் கே. எம். கரியப்பா. 1957 முதல் 1961 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் கே. எஸ். திம்மய்யா. பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் எந்தத் தரவுத்தளத்திலும் இவ்விருவரும் தொடர்பற்ற இரு குடும்பத்தார். குடகிலோ இருவரும் ஒரே குடும்பத்தார். கொடந்தேர மாதப்ப கரியப்பா, கொடந்தேர சுப்பய்ய திம்மய்யா என்பன அவர்களுடைய முழுப்பெயர்கள். 'கொடந்தேர' என்பதே குடும்பப்பெயர். அது 'கே' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டதால், படிப்பவர் கண்ணில் படுவதில்லை.

அரிய குடும்பப்பெயர் ஒன்றைக் குறித்து வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. அது எங்கிருந்து வந்தது? அதன் பொருள் என்ன? அதைத் தாங்கியவர் எத்தனை பேர்? குடகுப் பெயர்களை வைத்துப் பார்க்கும்போது இம்மூன்றுக்கும் முன்னர்க் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று இருப்பது புலப்படுகிறது: பெயரின் எந்தப் பகுதியைக் குடும்பப்பெயர் என்று யார் முடிவு செய்தார்கள்? இதற்கு விடை காணாமல் எழுதப்படும் எண்ணிக்கைகள் நம்பத் தகுந்தவை அல்ல.

குடகில் குடும்பத்திற்கு 'ஒக்க' என்று பெயர். ஒரே மூதாதையின் ஆண்வழியில் வந்த அனைவரும் ஓர் ஒக்கத்தினர். எம். என். சீனிவாஸ் 1952இல் வெளியிட்ட குடகர் பற்றிய நூலில் அச்சமூகத்தின் அடிப்படை அலகாக இதையே வைத்துப் பேசுகிறார். ஒவ்வோர் ஒக்கத்திற்கும் 'ஐன்மனெ' எனப்படும் மூதாதையர் வீடு உண்டு. முதல் மூதாதையான 'காரண'னுக்குப் படையலிடும் 'கைமட' என்ற சிறு கோயிலும் பல வீடுகளின் அருகே உண்டு. தமிழில் சுற்றத்தாரைக் குறிக்க ஒரு பழஞ்சொல் இருக்கிறது: ஒக்கல். திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அது புதிதன்று. அந்தச் சொல்லும் குடகின் 'ஒக்க'வும் ஓரினச் சொற்கள். தமிழில் அது உரைநூல்களுக்குள் தங்கிவிட்டது. குடகில் இன்றும் வாழ்கிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒக்கப் பெயர்களில் மிகப் பலவற்றின் இறுதியில் '-அண்ட', '-இர', '-ஏர' என்னும் ஈறுகள் வருகின்றன. பாண்டண்ட, குண்டியோளண்ட, மச்சிமண்ட, மொள்ளேர, கொடந்தேர என்பவை சில காட்டுகள். குடகு மொழியில் 'அவண்ட' என்றால் 'அவனுடைய'. மலையாளத்தின் 'அவன்டெ' என்பதோடு இது ஒத்து நிற்கிறது. 'கொடகுர' என்றால் 'குடகினுடைய'. எனவே இந்த ஈறுகளின் அடியில் இருப்பது ஆறாம் வேற்றுமை. மூதாதை ஒருவரின் பெயரோ வேறொரு பெயரோ அடிச்சொல்லாக நிற்க, 'இன்னாருடைய' என்ற உடைமைப் பொருளை ஈறு தருகிறது. 'கொடந்தேர கரியப்பா' என்பது 'கொடந்தேர வீட்டாருடைய கரியப்பா' என்று விரியும் ஒரு முழுத் தொடர்.

இங்கே ஒரு தூண்டிலும் உண்டு. உரோமன் எழுத்தில் இப்பெயரைக் காண்பவருக்குக் 'கோதண்டம்' உடனே நினைவுக்கு வரும். வில்லையும் துப்பாக்கியையும் வழிபடும் போர்க்குடி, இரண்டு படைத்தலைவர்களைத் தந்த வீடு, பெயரிலேயே வில்: கதை அழகாகப் பொருந்துகிறது. கன்னட எழுத்தில் பார்த்தால் பொருத்தம் குலைகிறது. கோதண்டத்தில் முதலில் தகரமும் பின்னர் டகரமும் வருகின்றன. கொடந்தேரவில் வரிசை நேர்மாறானது. உரோமன் எழுத்து இவ்விரு ஒலிகளையும் ஒரே குறியால் எழுதுவதால் விளைந்த மயக்கம் இது. பெயர்ப்பொருள் சொல்லும் தொகுப்புகள் பலவும் இத்தகைய ஒலியொப்புமைகளின் மீதே கட்டப்பட்டுள்ளன. அடிச்சொல்லின் பொருளை ஊகிப்பதைக் காட்டிலும், ஈற்றின் இலக்கணத்தை விளக்குவது ஆய்வுக்கு உறுதியான தரையாகும்.

அந்த இலக்கணம் சொல் வரிசையையும் உறுதிப்படுத்துகிறது. திராவிட மொழிகளில் உடைமைச் சொல் முன்னும் உடைமைப்பொருள் பின்னும் வரும். 'முருகன் கோயில்' என்பதைக் 'கோயில் முருகன்' என்று புரட்டினால் பொருள் மாறிவிடும். தெலுங்கின் 'இண்டிபேரு' முன்னால் வருவதும், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்று சங்கப் புலவரின் ஊரும் சேரியும் முன்னால் வருவதும் இதே ஒழுங்கில்தான். உருசிய மொழியின் 'இவனோவ்' என்பதும் 'இவனுடைய' என்னும் உடைமைப் பொருளில் பிறந்ததே. ஆனால் அங்கே அது இயற்பெயருக்குப் பின்னால் நிற்கிறது. குடும்பப்பெயர் பின்னால் வரவேண்டும் என்பது உலகப் பொதுவிதி அன்று. சில மொழிகளின் வழக்கம் படிவமாக அச்சேறி, எல்லோருக்கும் உரிய விதியாகத் தோற்றம் கொண்டுவிட்டது.

பழைய தலைமுறையில் பெயர்கள் முழுமையாகவே வழங்கின. 1924இல் 'பட்டோலெ பழமெ' என்னும் குடகு நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பை வெளியிட்டவர் நடிகேரியண்ட சிண்ணப்பா. ஒக்கப் பெயர், பின்னர் இயற்பெயர், அவ்வளவுதான். தந்தையின் பெயர் இடையில் நுழைந்து, முன்னால் இருந்தவை முதலெழுத்துகளாகக் குறுகியதும் நிலைமை மாறியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வளைகோல் அணியில் ஆடிய எம். எம். சோமய்யாவின் பெயரில் முதல் 'எம்' வீட்டையும் (மனெயபண்ட) இரண்டாவது 'எம்' தந்தையையும் (முத்தண்ணா) குறிக்கின்றன. முதலெழுத்து என்றால் தந்தை பெயர் என்று பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு எளிதில் தட்டுப்படாது.

கடவுச்சீட்டும் பல்கலைக்கழக விண்ணப்பமும் 'இறுதிப் பெயர்' கேட்டபோது மேலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. கடைசியில் நின்ற இயற்பெயர் குடும்பப்பெயரின் இருக்கையில் அமர்த்தப்பட்டது. அடுத்த தலைமுறையில் தந்தையின் இயற்பெயரே பிள்ளைகளின் 'குடும்பப்பெயர்' ஆயிற்று. இறகுப்பந்தாட்ட வீராங்கனை அஷ்வினி பொன்னப்பாவின் ஒக்கம் மச்சிமண்ட. 'பொன்னப்பா' ஓர் ஆணின் இயற்பெயர். கிரிக்கெட்டில் ஓர் உத்தப்பாவும் வளைகோல் பந்தாட்டத்தில் ஓர் உத்தப்பாவும் புகழ்பெற்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் ஒரே வீட்டார் என்றோ வெவ்வேறு வீட்டார் என்றோ எதையும் சொல்ல முடியாது. ஒரே வீட்டார் வெவ்வேறு குடும்பப்பெயர்களில் சிதறுகிறார்கள். வெவ்வேறு வீட்டார் ஒரே பெயரில் திரள்கிறார்கள்.

இது ஆவணச் சிக்கலோடு நிற்பதில்லை. ஆய்வு முடிவுகளையும் தொடுகிறது. குடும்பப்பெயர்களைக் கொண்டு சமூகத்தை அளக்கும் மரபு நெடியது. குடும்பப்பெயர்கள் எவ்வாறு அற்றுப்போகின்றன என்பதற்கு 1874இல் கால்டனும் வாட்சனும் ஒரு கணித முறையை முன்வைத்தனர். 1875இல் ஜார்ஜ் டார்வின், ஒரே குடும்பப்பெயர் கொண்ட மணமக்களின் விகிதத்திலிருந்து இங்கிலாந்தில் உறவுத் திருமணங்கள் எவ்வளவு என்று மதிப்பிட முயன்றார். 2014இல் கிரகரி கிளார்க் அரிய குடும்பப்பெயர்களைத் தலைமுறைகள்தோறும் பின்தொடர்ந்து சமூக ஏற்றத்தாழ்வு எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்று வாதிட்டார். வங்கத்துப் பெயர்களும் அவர் ஆய்வில் இடம்பெற்றன. குடும்பப்பெயர் தலைமுறை மாறினும் மாறாது, அது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற எடுகோள்களின் மேல்தான் இத்தகைய முறைகள் நிற்கின்றன.

குடகில் இம்முறைகள் எவ்வாறு தடுமாறும் என்று பார்க்கலாம். ஓர் ஒக்கத்தினர் தமக்குள் மணம் செய்துகொள்வதில்லை. ஆனால் மாமன் மகள், அத்தை மகள் உறவில் திருமணம் ஏற்கப்படுகிறது. அத்தை மணமாகி வேறு ஒக்கத்திற்குச் சென்றவர். மாமன் தாயின் ஒக்கத்தவர். ஆகவே உறவுத் திருமணம் எத்தனை நடந்தாலும் மணமக்களின் ஒக்கப் பெயர்கள் வேறாகவே இருக்கும். டார்வினின் முறை இங்கே ஏறக்குறைய சுழியத்தையே தரும். இறுதிப் பெயரை வைத்துக் கணக்கிட்டாலோ, விடை தற்செயலான ஓர் எண்ணாக இருக்கும். ஆண்வாரிசு இல்லையேல் பெயர் அழியும் என்ற கால்டனின் அடிப்படையும் இங்கு முழுமையாகப் பொருந்தாது. கணவன் மனைவியின் ஒக்கத்தில் சேர்ந்துவிடும் 'ஒக்க பரிஜெ', பிள்ளைகள் தாயின் ஒக்கத்திற்கு உரியராகும் 'மக்க பரிஜெ' என்னும் மணமுறைகளைக் குடகு மரபு வகுத்து வைத்திருக்கிறது. அற்றுப்போக இருந்த வீட்டை மகள்வழியே காக்கும் ஏற்பாடுகள் இவை.

அப்படியானால் எண்ணிக்கைக்கு எங்கே செல்வது? இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடும்பப்பெயர் வாரியாக அட்டவணை வெளியிடுவதில்லை. தாய்மொழி அட்டவணையில் குடகு மொழியைக் குறிப்பிட்டவர்கள் 2001இல் 1,66,187 பேர். 2011இல் 1,13,857 பேர். பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கு நேர்மாறான ஒரு வரிசையை விளையாட்டுத் திடல் காட்டுகிறது. 1997இல் கரடா என்ற ஊரில் பாண்டண்ட குட்டப்பா தொடங்கிய குடும்ப வளைகோல் போட்டியில் 60 ஒக்கங்களின் அணிகள் ஆடின. 2024இல் குண்டியோளண்ட ஒக்கம் நாபொக்லுவில் நடத்திய போட்டியில் 360 அணிகள் ஆடி, கின்னஸ் பதிவில் இடம்பெற்றன. அணியின் பெயர் ஒக்கத்தின் பெயர். அங்கே எவரும் பொன்னப்பாவாகவோ உத்தப்பாவாகவோ களமிறங்குவதில்லை; மச்சிமண்டவாக இறங்குகிறார்கள். மொழியைத் தாய்மொழியாகப் பதிவு செய்வோர் குறைய, வீட்டுப் பெயரை அறிவித்துக்கொள்வோர் பெருகுகிறார்கள். ஒக்கப் பெயர்களுக்கென நம்பத்தகுந்த பொதுப்பதிவு ஏதேனும் உண்டென்றால், அது இந்த ஆட்டப் பட்டியலே.

குடும்பப்பெயரைக் காப்பது பழம்பெருமையைக் காப்பதாகாதா என்ற எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒக்கப் பெயர் நிலத்தோடு பிணைந்தது; 'ஜம்மா' என்னும் பரம்பரை நில உரிமை ஒக்கத்தின் வழியாகவே பதிவேறியது. அதே நிலத்தில் தலைமுறைகளாகக் கட்டுண்டு உழைத்த எரவர் போன்ற பழங்குடியினருக்கு ஐன்மனையும் இல்லை, பட்டோலையில் இடமும் இல்லை. பெயர்களின் வரலாறு எழுதுவோர் பெயர் பதிவாகாதவர்களின் வரலாற்றையும் உடன் எழுதியாக வேண்டும். தமிழகத்தில் சாதிப் பின்னொட்டுகளைக் கைவிட்டது ஓர் அரசியல் முடிவு. அது விவாதித்து, விரும்பி எடுக்கப்பட்டது. குடகில் நேர்ந்திருப்பது அத்தகையதன்று. அங்கே எவரும் எதையும் துறக்க முடிவெடுக்கவில்லை. படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கடைசிச் சொல் அதில் விழுந்தது. விரும்பித் துறப்பதும் தெரியாமல் இழப்பதும் ஒன்றாகா.

கல்வியுலகம் செய்யக்கூடியவை பெரிய செலவுடையவை அல்ல. பல்கலைக்கழகப் படிவங்கள் 'இறுதிப் பெயர்' என்று இடத்தைக் கேட்பதை விடுத்து, 'குடும்பப்பெயர் உண்டா, உண்டெனில் எது' என்று பொருளைக் கேட்கலாம். இல்லை என்பதும் ஏற்கத்தக்க விடையாக வேண்டும். நூலகப் பட்டியல்களும் மேற்கோள் நெறிகளும் ஆசிரியர் தம் பெயரை எழுதும் முறையை அப்படியே பின்பற்றலாம். முதலெழுத்துகளுக்கு விரிவு தெரியுமிடத்தில் அதைப் பதியலாம். பெயர்த் தரவுகளைக் கொண்டு சாதி, மணம், சமூக நகர்வு குறித்து ஆய்வு செய்வோர், எந்தச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டனர், எந்தச் சமூகத்திற்கு அது பொருந்தாது என்பதை ஆய்வுமுறை இயலில் வெளிப்படையாக எழுதலாம். களப்பணியாளர் பெயரைக் கேட்கும்போது அதன் உறுப்புகளையும் கேட்டுக் குறிக்கலாம்.

கொடந்தேர என்னும் சொல் எத்தனை பேருக்கு உரியது என்பதற்குக் கணினி தரும் எண் ஒன்று எப்போதும் இருக்கும். கரியப்பாவும் திம்மய்யாவும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கமாட்டார்கள். அவ்வீட்டின் புகழ்பெற்ற இருவரையே தவறவிடும் கணக்கை வைத்து, அப்பெயர் அரியது என்றோ அருகிவருகிறது என்றோ சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.