முத்தும் மங்கும்

தூத்துக்குடிக் கடலில் பரதவர்கள் பார்களில் மூழ்கிச் சிப்பி வாரிய காலத்தில், கரையேறிய முத்தெல்லாம் சீமாட்டிகளின் கழுத்துக்கே போய்விடவில்லை. கோக்க முடியாத சிறு முத்துக்கள் வைத்தியரின் கல்வத்தை அடைந்தன. நம் சித்த வைத்தியர்கள் அவற்றை முத்துப் பற்பம் ஆக்கினார்கள். சீன தேசத்து வைத்தியர்களோ நுண்பொடியாக்கி முகத்தில் பூசச் சொன்னார்கள். 1596-ஆம் ஆண்டில் அச்சேறிய லி ஷிஷென்னின் பெரிய மருந்து நூலிலேயே இந்த யோசனை காணப்படுகிறது. நம் கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. சீன முத்துப்பொடி மட்டும் அழகான டப்பாக்களில் இன்றும் விற்பனையாகிறது.

அதை வாங்குகிறவர்களில் பலர் மங்கினால் மனம் நொந்த ஸ்திரீகள். கன்னத்திலும் நெற்றியிலும் கருந்திட்டாகப் படரும் இந்த மங்கு லேசில் விடாது. மறைந்தது போலிருந்து மறுபடியும் தலைகாட்டும். பரம்பரை, கர்ப்ப காலத்து மாறுதல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் ஆகியவையே காரணங்கள். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு மேலேயிருந்து ஒரு வெயில். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் இன்னொன்று. தலையில் போட்ட துணி இந்த இரண்டாவது வெயிலைத் தடுப்பதில்லை.

முத்து என்பது பெரும்பாலும் சாக்கட்டியிலுள்ள அதே சுண்ணாம்புச் சத்துத்தான். சருமத்துக்குள்ளே இருக்கும் கருமையை அது எட்டாது. பூசியதும் முகம் வெளுப்பாகத் தெரிகிறதே என்றால், தெரிவது முகமல்ல, பொடி!

இதனால் சீன வைத்தியம் முழுவதையும் நாம் பரிகசிப்பதாக நினைக்க வேண்டாம். பழைய சீன நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி மலேரியாவுக்கு மருந்து கண்ட தூ யூயூ அம்மையார் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் அதைச் சோதித்து நிரூபித்த பிறகே மருந்து என்றார்.

முத்துப்பொடியை விட நாம் அஞ்ச வேண்டியது, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத களிம்புகளைத்தான். லண்டனில் சரும நோயாளிகள் உபயோகித்த 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது. அதுவும் முகத்துக்கு ஆகாத அளவில்! நாமும் பெருமைப்பட இடமில்லை. நம் தேசத்தில் மருந்துக் கடைகளிலேயே ஸ்டீராய்டுக் களிம்புகள் சிவப்பழகுக்கென்று தாராளமாகக் கைமாறியதால், 2018-ல் மத்திய சர்க்கார் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று விதிக்க நேர்ந்தது.

இக்களிம்புகள் முதல் சில வாரங்களில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும். ஆபத்தே அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், உரோமமும் முளைக்கும். நிறுத்தினாலோ எரிச்சல் தாங்காது. மறுபடியும் அதையே பூசத் தோன்றும்.

மங்குக்கு முதல் மருந்து நிழலும், வெயில் காக்கும் பூச்சுந்தான். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாக வாங்கி, வெளியே இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும். உப்பளக் கூலியில் இது கட்டுப்படியாகாது என்பதை நாம் அறிவோம். அளத்து முதலாளிகள் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் நிழற்பந்தலுமாவது கொடுக்கலாம். மற்றச் சிகிச்சைக்கு அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊரிலேயே இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய களிம்பின் டப்பாவையும் மறைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதை எப்படிப் படிப்படியாக நிறுத்துவதென்று வைத்தியர் சொல்லுவார்.