பனிப்பாடல்களும் தொடர்வண்டிகளும்: ஜப்பானியக் குளிர்கால ஏக்கத்தின் வரலாறு

ஜப்பானிய வெகுசன இசையில் குளிர்காலப் பாடல் ஒரு தனி வகையாகவே நிலைபெற்றுவிட்டது. ஆண்டின் இறுதி நெருங்கும்போது கடைவீதிகளிலும் வானொலியிலும் பழகிய சில பாடல்கள் திரும்பி வருகின்றன. பனி, நிலையம், பிரிவு, வராத ஒருவருக்கான காத்திருப்பு ஆகியவை அவற்றில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. வகுப்பறைகளிலும் கருத்தரங்குகளிலும் இவற்றுக்குச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே. 'மோனோ நோ அவாரே' எனப்படும் நிலையாமை உணர்வு ஜப்பானிய உள்ளத்தில் தொன்றுதொட்டு ஊறியிருக்கிறது, விழுந்து கரையும் பனி அதன் இயல்பான உருவகம் என்பதே அது. கேட்பதற்கு இனிய விளக்கம்தான். ஆனால் அது பாடல்களை விளக்குவதைவிட, பாடல்களுக்குள் பயணம் செய்யும் மனிதர்களை மறைப்பதையே அதிகம் செய்கிறது.

முதலில் தொன்மை பற்றிய கூற்றை எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'கொகின்ஷூ' ஜப்பானியப் பருவக் கவிதை மரபின் அடித்தளம். அதன் முதல் ஆறு பகுதிகள் பருவங்களுக்கு உரியவை. இளவேனிலுக்கு இரண்டு, இலையுதிர் காலத்துக்கு இரண்டு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. கியோத்தோ அரசவைக் கவிஞர்களின் நெஞ்சு மலரிலும் செவ்விலையிலும்தான் மிகுதியாகத் தோய்ந்திருந்தது. குளிர்காலம் ஏக்கத்தின் தலைமைப் பருவமாக உயர்ந்தமைக்கு அந்த மரபு மட்டும் காரணமாக இருக்க இயலாது. வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

அவற்றுள் ஒன்று நிலவியல். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வடமேற்குக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை முகந்து வந்து, ஹொன்ஷுவின் மலைத்தொடரில் மோதி மேற்குக் கரையெங்கும் பெரும்பனியாகக் கொட்டுகிறது. மலையைக் கடந்த காற்று வறண்டுவிடுகிறது. எனவே பசிபிக் கரையிலுள்ள தோக்கியோவின் குளிர்காலம் பெரும்பாலும் தெளிந்த வானமும் உலர்ந்த வெயிலும் கொண்டது. பாடல்களை இயற்றிப் பதிவுசெய்து விற்கும் நகரத்தில் பனி அரிது. பனி மிகுந்த ஊர்களோ பலரும் விட்டுவந்த ஊர்கள். பாடலில் பனி விழும்போது இந்தத் தொலைவும் சேர்ந்தே விழுகிறது.

அந்தத் தொலைவுக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. 1950களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள், நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவர் சிறுமியர் வடகிழக்கின் தோஹோகு பகுதியிலிருந்து சிறப்புத் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தோக்கியோவின் உவெனோ நிலையத்தில் இறக்கப்பட்டனர். சிற்றாலைகளும் கடைகளும் அவர்களைத் 'தங்க முட்டைகள்' என்று அழைத்தன. இவர்களைத் தவிர, வயல்கள் பனியில் புதையும் மாதங்களில் கட்டுமானக் கூலிகளாக நகருக்கு வந்து, வசந்தத்தில் ஊர் திரும்பிய உழவர்களும் இருந்தனர். நாட்டின் பொருளாதார வளர்ச்சி இவர்களது உழைப்பின்மீதும் எழுந்தது. குளிர்காலம் இவர்களுக்கு அழகியல் பொருள் அன்று. குடும்பம் பிரிந்திருக்கும் காலம்.

இஷிகாவா சயூரி 1977இல் பாடிய 'சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி' இந்தப் பின்னணியில் பிறந்தது. அகு யூ எழுதி மிகி தகாஷி இசையமைத்த அப்பாடலில், உவெனோவிலிருந்து இரவு வண்டியில் அவோமோரி வந்திறங்கும் ஒரு பெண், படகேறி ஹொக்கைடோவுக்குச் செல்கிறாள். அப்போது அந்நீரிணையைக் கடக்கப் படகுக்கு மட்டும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. பாடல் வெளிவந்தபோது அது கேட்போரின் நிகழ்காலம். 1988 மார்ச் 13 அன்று 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 1908இல் தொடங்கிய தொடர்வண்டித் துறையின் படகுப் போக்குவரத்து எண்பதாண்டுப் பணியை முடித்துக்கொண்டது. இன்று தோக்கியோவிலிருந்து ஹகோடாடேயின் புறநகர் வரையிலான முழுப் பயணமும் ஷின்கான்சென் வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ஆண்டின் கடைசி இரவில் என்.எச்.கே. நடத்தும் பாட்டு நிகழ்ச்சியில் இஷிகாவா இதே பாடலைப் பல முறை பாடிவிட்டார். வரிகள் மாறவில்லை. படகு இல்லாமற்போனதால் அவற்றின் பொருள் மாறிவிட்டது.

யமாஷிதா தத்சுரோவின் 'கிறிஸ்துமஸ் ஈவ்' வரலாறு இதைவிடக் கூர்மையானது. 1983இல் வெளிவந்த அப்பாடலின் நாயகன் வராத ஒருத்திக்காகக் காத்திருக்கிறான். 1987இல் அரசுத் தொடர்வண்டித் துறை துண்டாடப்பட்டுத் தனியார்மயமான பின், அதன் வாரிசு நிறுவனங்களுள் ஒன்றான ஜே.ஆர். தோகாய் தன் ஷின்கான்சென் விளம்பரத்துக்கு இந்தப் பாடலை எடுத்துக்கொண்டது. விளம்பரத்தில் காத்திருப்பு வீணாவதில்லை. வண்டி வருகிறது, காதலர்கள் நடைமேடையில் சந்திக்கிறார்கள். வராமையைப் பாடிய பாட்டு, பயணச்சீட்டு வாங்கினால் வருகை உறுதி என்னும் வாக்குறுதியாக மாற்றப்பட்டது. 1989 டிசம்பரில் அது விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. அடுத்த பத்தாண்டில் பனிச்சறுக்குக் கருவி விற்ற அல்பென் நிறுவனத்துக்கு ஹிரோசே கோமியும், ஜே.ஆர். கிழக்கின் பனிச்சறுக்குப் பயண விளம்பரத்துக்கு 'குளோப்' குழுவும் பாடினர். ஒரு தலைமுறை முன்பு வடக்கின் உழைப்பைத் தெற்கே கொண்டுவந்த தண்டவாளங்கள், இப்போது தலைநகரின் இளைஞரை ஓய்வுக்காகப் பனிநாட்டுக்குக் கொண்டுசென்றன.

இன்று அந்த விளம்பரங்களைக் காண்போர் ஏங்குவது பனிக்காக மட்டும் அன்று. வேலை கிடைக்கும், ஊதியம் உயரும், பிரிந்தவர் வந்து சேர்வர் என்று நம்ப முடிந்த ஓர் ஆண்டுக்காகவும் ஏங்குகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களும் இப்பாடல்களைக் கேட்டு உருகுகிறார்கள் என்றால், அவர்கள் இழந்தது தம் கடந்தகாலத்தை அன்று; தமக்குக் கிடைக்காத எதிர்காலத்தை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பொருளாதாரமும் விளம்பரமும் மட்டுமே பாடலை உருவாக்கிவிடுமா? பருவச் சொற்களைப் பேணும் கவிதை மரபு இல்லாவிடில் பனி என்ற ஒரு சொல் இத்தனை கனத்தைத் தாங்குமா? மறுப்பு நியாயமானது. அகத்திணை பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். பொழுதும் நிலமும் முதற்பொருள். பிரிவும் இரங்கலும் உரிப்பொருள். மரபு இவ்விரண்டையும் இணைத்துத் தரும். ஆனால் யார், எதற்காக, யாரைப் பிரிந்தார் என்பதை மரபு சொல்லாது. அதை வரலாறுதான் சொல்லும். தொன்மையான 'ஜப்பானிய இதயம்' என்று போற்றப்படும் 'எங்கா' பாடல் வகையே 1960களின் பிற்பகுதியில்தான் இன்றைய அடையாளத்தைப் பெற்றது என்று யுசுகே வாஜிமா 2010இல் வெளியான தம் நூலில் வாதிட்டுள்ளார்.

இந்திய ஆய்வுலகுக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. இந்தியாவின் எந்தச் சிக்கலையும் 'பழம்பெரும் ஆன்மிகம்' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கும் அயலார் எழுத்தை இங்குள்ள அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டித்து வந்திருக்கிறார்கள். கூலிக்குப் புலம்பெயர்ந்தவரின் கண்ணீரை ஞானமாகப் படிப்பது அநீதி என்று சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதே அறிஞர்கள் ஜப்பானைப் பற்றிப் பேச நேரும்போது நிலையாமை, மென்சோகம், பனியின் தூய்மை என்று மயங்கிவிடுவது முறையாகாது.

அகிதா மாநிலத்தின் மக்கள்தொகை 2017இல் பத்து இலட்சத்துக்குக் கீழே சென்றது. கூரைப் பனியை அள்ள ஆளில்லாமல் முதியவர்கள் தாமே ஏணியில் ஏறி விழுந்து இறப்பது அத்தகைய ஊர்களில் குளிர்காலந்தோறும் நேர்கிறது. பாடல்களில் விட்டுப்பிரிந்த ஊர் அதுதான். ஆகவே இப்பாடல்களைப் பாடமாக வைக்கும் ஆசிரியர், வரிகளோடு அந்தந்த ஆண்டின் தொடர்வண்டிக் கால அட்டவணையையும், தோஹோகுவின் வேலைவாய்ப்புப் பதிவுகளையும், பாடல் இடம்பெற்ற விளம்பரத்தையும் மாணவர் முன் வைக்கட்டும். பாடலின் இனிமை அதனால் குறைந்துவிடாது. பிரிந்து சென்றவர்கள் யார் என்பது மட்டும் தெரியவரும்.